பீரோவுக்குப் போட்ட பலகை

காரைக்கால்,
2.12.1982

அன்புள்ள அத்தானுக்கு,

அஞ்சுகம் எழுதுவது. இங்கே நான் சுகம், தையல் மெஷின் சுகம், மழைக்கு மட்டும்தான் இன்னும் ஓயும் எண்ணம் வரவில்லை. மஸ்கட் வெயிலில் நீங்கள் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். போன கடிதத்தில் இருமல் என்று எழுதியிருந்தீர்கள். இப்போது வந்த கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முழுக்க என்னைத் திட்டி எழுதியதில் இடம் போதவில்லை போலிருக்கிறது.

நான் கடைத்தெருவில் சண்டை போட்டேன், கடை வாசலை மறித்துக்கொண்டு உட்கார்ந்தேன், ஊரே வேடிக்கை பார்த்தது என்று உங்கள் அண்ணன் எழுதினாராம். அத்தனையும் உண்மை. ஏன் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார். அதை நான் எழுதுகிறேன். படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

நீங்கள் அனுப்பிய பணத்தில் கைமெஷின் வாங்குவது என்று முடிவு செய்தோம் அல்லவா? காலால் மிதிக்கிற மெஷின் எனக்கு எதற்கு? கடைத்தெருவில் பீரோ, கட்டில், தையல் மெஷின் எல்லாம் விற்கிற குஞ்சிதபாதம் கடைக்கு ஏறப் படிகள் உண்டு. அதனால் பக்கத்து வீட்டு லோகாம்பாள் அக்காவை அனுப்பிப் பேசி முடித்தேன். வீட்டுக்கே அனுப்பிவைக்கிறோம் என்றார்கள். அந்தப் பெண்ணுக்கு நடக்க வராது, ஆள் உள்ளே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று அக்கா சொல்லியும் இருக்கிறார். ஆகட்டும் ஆகட்டும் என்று தலையாட்டினார்களாம்.

வியாழக்கிழமை மத்தியானம் கடை வண்டிக்காரர் சுப்பையன் வந்தார். மெஷின் பெட்டியைத் தெருவோரம் வேலிப் பக்கத்தில் இறக்கிவிட்டுக் குரல் கொடுத்தார். உள்ளே வைத்துவிட்டுப் போகும்படி கூடத்திலிருந்து கத்தினேன். “எனக்கு வாசல் வரைக்குந்தாங்க கூலி. வூட்டுல ஆம்பளை இருந்தா தூக்கி வச்சுக்கச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். வீட்டு ஆம்பளை மஸ்கட்டில் கம்பி கட்டிக்கொண்டிருக்கிறார் என்று யாரிடம் போய்ச் சொல்வது? கையை ஊன்றி நகர்ந்து வெளியே வந்து, பெட்டியை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. ஐப்பசி மழை உங்களுக்குத் தெரியுமே. பாயைப் போர்த்தினேன், பழைய புடவையைப் போர்த்தினேன். லோகாம்பாள் அக்கா வேலை விட்டு வரும்வரை பெட்டியோடு நானும் நனைந்தேன். திறந்து பார்த்தபோது புது மெஷினுக்குள் தண்ணீர் நின்றது. ஆத்திரத்தில் அழுதேன் அத்தான்.

மறுநாள் தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை. நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, நீங்கள் பாண்டிச்சேரியில் வாங்கித் தந்த மூன்று சக்கர வண்டியைக் கையால் சுற்றிக்கொண்டு நானே கடைக்குப் போனேன். வெள்ளிக்கிழமைகளில் பூஜை முடிந்ததும் முதலாளியே பித்தளைத் தட்டில் சில்லறையோடு படி இறங்கி வந்து, வாசலில் நிற்கிறவர்களுக்குத் தர்மம் போடுவார். ஊருக்கே தெரிந்த வழக்கம், எனக்கும் தெரியும். இருந்த ஆத்திரத்தில் கிழமையை நான் நினைத்துப் பார்க்கவில்லை. வண்டியைப் படிக்குக் கீழே நிறுத்தினேன். வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தவர் என் மடியிலும் ஒரு காசைப் போட்டுவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “முதலாளி, நான் தர்மத்துக்கு வரலைங்க. உங்க கடையில மெஷின் வாங்குனவ” என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன். அவர் பதறிப்போனார். கெட்டவர் இல்லை. “தெரியாம நடந்துபோச்சும்மா, உள்ள வாங்க, உக்காந்து பேசுவோம்” என்று சொல்லிக்கொண்டே படியேறிக் கல்லாவுக்குப் போனார். எப்படி வருவது என்று கேட்டேன். உடனே ஆட்களைக் கூப்பிட்டு என்னைத் தூக்கச் சொன்னார். என்னைத் தொடக் கூடாது என்றேன். கண்டவனெல்லாம் தூக்கிப்போக நான் என்ன நெல் மூட்டையா?

அப்போதுதான் சுவரோரம் அந்தப் பலகையைப் பார்த்தேன். இரும்பு பீரோவைப் படியில் ஏற்றி இறக்குவதற்கென்று வைத்திருக்கிற அகலமான பலகை. “பீரோவுக்குப் போடுற பலகையை எனக்கும் போடுங்க, ஏறி வர்றேன்” என்றேன். தீபாவளிக் கூட்டம், பலகை போட்டால் மற்றவர்கள் எப்படி ஏறுவார்கள் என்று இழுத்தார். அப்படியானால் உங்கள் ஆள் தெருவில் போட்டு நனையவிட்ட மெஷினுக்குப் பதிலாக வேறு மெஷினோடு நீங்கள் கீழே வாருங்கள், இங்கேயே பேசி முடிப்போம் என்றேன். கல்லாவை விட்டுவிட்டு எப்படி வருவது என்றார். தர்மம் போட இறங்கி வரத் தெரிந்தவருக்கு, பொருள் வாங்கினவளிடம் பேச இறங்கி வர முடியவில்லை. அதையும் வாய்விட்டுச் சொன்னேன். வண்டியை வாசலுக்குக் குறுக்கே திருப்பி நிறுத்திக்கொண்டேன். அதன்பிறகு யாரும் ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை.

அம்மையார் கோயிலிலிருந்து வந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். அதில் யாரோ ஓர் அம்மாள், “தலையால நடந்து கயிலாசம் போனவங்களைக் கும்புட்டுட்டு வர்றோம். கையால நடக்குற புள்ளைக்கு ஒரு பலகை போட மாட்டேங்குறீங்களே” என்று போட்டார் ஒரு போடு. முதலாளிக்கு அவமானம் தாங்கவில்லை. கோபத்தை யார் மேலாவது இறக்க வேண்டுமே, கீழே கூட்டத்தோடு நின்ற சுப்பையன் மேல் இறக்கினார். நாளையிலிருந்து வேலைக்கு வராதே என்று கத்தினார். அந்த மனிதர் முகம் சுண்டிப்போனது.

அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. வாசல் வரைக்கும் மட்டும் கூலி பேசியது யார்? உள்ளே வைப்பதற்கும் சேர்த்துக் கொடுத்திருந்தால் அவர் ஏன் தெருவில் போட்டுவிட்டுப் போகிறார்? இதைக் கேட்டதும் முதலாளி கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டார். சுப்பையன்தான் போய்ப் பலகையைத் தூக்கி வந்து படியில் சாய்த்தார். சரிவு அதிகம், என் கைபலம் மட்டும் போதாது. வண்டிக்குப் பின்னால் வந்து நின்று, “தள்ளட்டுமாம்மா?” என்று கேட்டார். அன்றைக்கு என்னைக் கேட்டுவிட்டு என் பக்கத்தில் வந்த முதல் ஆள் அவர்தான். தள்ளுங்க என்றேன்.

உள்ளே போய் முதல் வேலையாக அந்தக் காசைப் பித்தளைத் தட்டில் போட்டேன். நன்றாகச் சத்தம் கேட்டது. நனைந்த மெஷினுக்குப் பதில் வேறு ஒன்றை, கைப்பிடியைச் சுற்றிப் பார்த்து நானே எடுத்தேன். சாயங்காலம் சுப்பையன் அதைக் கூடத்தில், ஜன்னலோரம், நான் காட்டிய இடத்தில் வைத்துவிட்டுப் போனார். இப்போது பலகை கடை வாசலிலேயே இருக்கிறது. காரைக்கால்மேட்டிலிருந்து வந்த, கட்டைக்கால் வைத்த ஒருவர் அதில் ஏறிப் போனாராம். அக்கா வந்து சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

இதைத்தான் மானம் போன காரியம் என்று எழுதியிருக்கிறீர்கள். சின்ன வயதில் காய்ச்சலில் என் கால் போனபோதும் எல்லோரும் ஒதுங்கி இரு என்றுதான் சொன்னார்கள். ஒதுங்கியே இருந்திருந்தால் உங்களைக் கட்டியிருக்க மாட்டேன்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். போலகத்தில் நம் வீடு எழும்பி நிற்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு வாடகைக் காரில் போய்ப் பார்த்தேன். வெள்ளம் ஏறக் கூடாது என்று தரையை நன்றாக உயர்த்தியிருக்கிறார்கள், நல்லதுதான். தை பிறந்ததும் வாசலில் ஐந்து படி கட்டப் போகிறார்களாம். நான் எப்படி ஏறுவது என்று உங்கள் அண்ணனைக் கேட்டேன். “தம்பி வந்து தூக்கிட்டுப் போவான், உனக்கென்ன கவலை” என்று சிரித்தார். என் வீட்டைக் காரில் உட்கார்ந்தபடியே பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

நீங்களும் அதையேதான் எழுதியிருக்கிறீர்கள். வைகாசியில் குடிபோகும் அன்று என்னைக் கையில் ஏந்திக்கொண்டு உள்ளே போவீர்களாம். பொய் சொல்ல மாட்டேன், வெட்கமும் சந்தோஷமுமாக அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்புறம் மறுநாளை நினைத்தேன். லீவு முடிந்து நீங்கள் விமானம் ஏறிய பிறகு என்னை யார் ஏந்துவார்கள்? ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிறவர்களா? கடைக்காரரிடம் சண்டை போட்டு வாங்கின பலகையைக் கட்டின புருஷனிடமும் சண்டை போட்டுத்தான் வாங்க வேண்டுமா?

ஐந்து படியும் இருக்கட்டும். பக்கத்திலேயே நீளமாக, என் கைபலத்துக்கு ஏறுகிற மாதிரி ஒரு சரிவும் கட்டச் சொல்லுங்கள். நான் சொன்னால் உங்கள் அண்ணன் காதில் ஏறாது, நீங்கள் எழுதினால் கேட்பார். மார்கழி முடிவதற்குள் எழுதிவிடுங்கள்.

குடிபோகும் அன்று நீங்கள் முன்னால் போங்கள். காமாட்சி விளக்கை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் என் வண்டியில் ஏறி வருகிறேன். அன்றைக்குக் காசு விழுந்த அதே மடியில் விளக்கு இருக்கட்டும். சரிவு இல்லாவிட்டால் விளக்கை நீங்களே கொண்டுபோய் ஏற்றிக்கொள்ளுங்கள். நான் இந்த வாடகை வீட்டிலேயே இருந்துகொள்கிறேன். இங்கே வாசல் தரையோடு தரை.

இருமலைப் பற்றி மறக்காமல் எழுதுங்கள். வெந்நீர்தான் குடிக்க வேண்டும். அம்மையார் உங்களுக்குத் துணை இருக்கட்டும். கையில் ஒரே ஒரு கடிதத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் அதை அண்ணனுக்குப் போடுங்கள். எனக்கு அப்புறம் எழுதலாம், காத்திருக்கிறேன்.

என்றும் உங்கள்,
அஞ்சுகம்