பாயின் எதிர்ப்பக்கம்

எல்லைக்கு அந்தப் பக்கமே தங்கிவிட்ட என் மகனுக்கு,

உன் மகள் ஐந்தாம் வகுப்பில் முதலாவதாக வந்திருக்கிறாள். நான் படித்ததும் அவ்வளவுதான். இனி என்னை மிஞ்சிவிடுவாள்.

இந்தோனேசிய ராணுவம் நம் நாட்டை விட்டுப் போய் நான்கு வருஷமாகிறது. அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை நம் ஊரில் பாய் விரிக்கிறார்கள். ராணுவத்தோடு சேர்ந்து வீடுகளை எரித்தவர்கள் அதில் உட்கார்ந்து, செய்ததைத் தங்கள் வாயால் சொல்ல வேண்டும். சொன்னவர்களோடு ஊர் வெற்றிலை போடும். அதோடு பகை தீரும்.

உனக்குப் பதிலாக நானே சொல்லிவிடலாம் என்று வெற்றிலைத் தட்டோடு எர்மெலிந்தா வீட்டுக்குப் போனேன். அவள் தட்டைத் தொடவில்லை.

"ஏண்டி, என் வீட்டுக்குத் தீ வச்சது நீயா?"

"இல்லக்கா."

"அப்ப அவன் வரட்டும். 'என் மகன் தீப்பெட்டியக்கூடத் தொடல'ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சியே, அதுக்கு வேணா நீ மன்னிப்புக் கேளு."

கேட்டேன். இந்த வயதில் முதல் தடவை. அதற்கு மட்டும் ஒரு வெற்றிலை எடுத்துக்கொண்டாள்.

நீ வா. நான் உன் பக்கத்தில் உட்கார மாட்டேன், அவள் பக்கம்தான் உட்காருவேன். கோபித்துக்கொள்ளாதே. நீ சொல்லும்போது எதிரே பார்க்க உனக்கு ஒரு முகம் வேண்டுமே.

அம்மா