கழுவிய துகள்களும் நீ எடுத்த அளவுகளும்

என் நிரோவுக்கு,

நீ போய் எட்டு மாதமாகிறது. மழை பிந்தியதால் எங்கள் வயல் வட்டையில் இப்போதுதான் விதைத்து முடித்தார்கள். இதையெல்லாம் வேறு யாரிடம் சொல்ல?

நம் ஆய்வுகூடத்தின் அந்த இரண்டு போத்தல்கள் நினைவிருக்கிறதா? ஒரே பருமனுள்ள சிலிக்காத் துகள்கள், ஒரே அளவு நீர். முதலாவது கலவை, அதன் இறுக்கத்தை அளக்கும் கருவி வேகமாகச் சுழன்றபோதும் பால்போல் ஓடியது. இரண்டாவது, பாதி வேகத்திலேயே இறுகிக் கருவியைப் பிடித்துக்கொண்டது. நீ மூன்று தரம் அளந்தாய். மூன்று தரமும் அதேதான். தூளைக் கூடுதலாக நிறுத்துவிட்டாய் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

"என்ன மச்சாள், மீன் விக்கிறவள்ட மகளுக்கு நிறுக்கத் தெரியாதெண்டு சொல்றியா?" என்று சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. உன் அளவுகளைப் பிழையென்று குறித்து ஒதுக்கினேன். அடுத்த கிழமை உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆசுபத்திரிக்குப் போன நீ உயிரோடு திரும்பவில்லை.

போன மாதம்தான் துகள்களின் நுணுக்குக்காட்டிப் படங்கள் கொழும்பிலிருந்து வந்தன. முதல் போத்தலில் வழவழப்பான குண்டுகள். இரண்டாவதில் ஒவ்வொன்றும் அரிக்கப்பட்டுக் கரடுமுரடாக இருந்தது. வழவழப்பானவற்றுக்கு நடுவே மெல்லிய நீர்ப்படலம் நிற்கும். அவை வழுக்கி விலகும். கரடானவை நெருக்கப்படும்போது ஒன்றையொன்று உரசிப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் முன்னதாகவே இறுகியது.

அரித்தது யார்? புதிய தூள் வர மாதக்கணக்காகும் என்று, பாவித்ததையே கழுவி உலர்த்திப் பாவிப்போமே. அந்தத் தடவை, இரண்டாம் போத்தலின் தூளைக் கறை போகட்டும் என்று காரக் கரைசலில் இரண்டு நாள் ஊறவிட்டது நான். போத்தலில் அதை எழுதி ஒட்டவுமில்லை.

முந்தாநாள் செட்டிபாளையத்தில் உன் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்துவிட்டு உன் அம்மா கேட்டார்: "ஆசுபத்திரியிலயும் நான் சரியாத்தான் நிறுத்தனான் எண்டு சொல்லிக்கொண்டு கிடந்தவள், புள்ள. அவள் உண்மையிலேயே பிழையாத்தான் நிறுத்தவளா?"

"இல்லம்மா. பிழை என்னில."

வெற்றுக் கோப்பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு மெதுவாக, "இத அவளிட்டச் சொல்லியிருக்கலாமே," என்றார்.

அப்போது எனக்கே தெரியாது என்பது உண்மை. ஆனால் உன்னை நம்புவதற்கு அது தெரிந்திருக்க வேண்டுமா, நிரோ?

இரண்டாம் போத்தலை விட்டுவிட்டே ஆய்வேட்டைக் கொடுக்கலாம் என்கிறார்கள் ஆய்வுகூடத்தில். விடமாட்டேன். உன் மூன்று அளவுகளும் உன் பெயரோடு வரும். தூளைக் கெடுத்தது யார், அளவுகளை ஒதுக்கியது யார் என்பதும் வரும். முதல் பிரதியைக் கொண்டுபோய், அந்தப் பக்கத்தை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன்.

உன்னை நம்பாமற்போன,
உன் மச்சாள்