வரப்பும் கண்ணாடிக் குருவியும்

1912 ஜூன் 3, திங்கள்

விடியலிலிருந்து சாரல். முகம் சிரைக்க ஜன்னலோரம் மாட்டிய கண்ணாடியை ஒரு சிட்டுக்குருவி நாலு நாளாகக் கொத்துகிறது. உள்ளே தெரிவது இன்னொரு ஆண் குருவி என்ற நினைப்பு. கூடு கட்டும் காலத்தில் தன் எல்லைக்குள் வேறொருவன் வந்தால் பொறுக்காது. வகுப்புக்கு நல்ல உதாரணம்.

வெள்ளிக்கிழமைக்குள் வழக்குப் பிராதில் கையெழுத்து வேண்டும் என்று வக்கீல். எதிரி, கூடப்பிறந்த அண்ணன். அம்பாசமுத்திரத்தில் எங்கள் இரண்டு வயலுக்கும் நடுவிலுள்ள வரப்பில் ஒரு முழம் வெட்டி எடுத்துக்கொண்டார். நோட்டீஸ் போய் ஒரு மாதம். பதில் இல்லை.

வாங்க: மை, சுக்கு, லாந்தர் திரி.

வழக்கு நினைப்பில், உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது.

ஜூன் 4, செவ்வாய்

தூறல். பிராணி சாஸ்திரப் பாடம். நாய் மூலைக்கு மூலை ஏன் காலைத் தூக்குகிறது, ஆற்றங்கரை மருத மரத்துக் குரங்குகள் அடுத்த கூட்டத்தை ஏன் அண்டவிடுவதில்லை. மனிதனும் அந்த வழியில் வந்தவன் என்றேன்.

தமிழ்ப் பண்டிதர் காதில் விழுந்திருக்கிறது. "அப்போ வேலி போடுதது, கோர்ட்டுக்குப் போறது எல்லாம் குரங்குப் புத்திதானாவே?" சிரித்து வைத்தேன். எரிச்சல்.

வீட்டில் மனைவி செண்பகம்: "அந்தக் குருவி மூக்கெல்லாம் ரத்தம். நீங்க என்னன்னா வேடிக்கை பாக்கிய." கண்ணாடியைத் துண்டால் மூடிவிட்டாள். குருவி போய்விட்டது. அவ்வளவுதான் விஷயம்.

ஜூன் 5, புதன்

லீவு. காலை ரயிலில் அம்பாசமுத்திரம், அளந்து பார்த்துவிடலாம் என்று.

கார் நடவுக்கு முன்னால் அண்டை வெட்டு. அவரவர் பக்கத்து வரப்பை அவரவர் மண்வெட்டியால் சீவிச் சேறு பூசுவது. என் வயலைப் பார்த்துக்கொள்ளும் சுடலை சீவிக்கொண்டிருந்தான். பாகம் பிரித்தபோது அப்பா நட்ட இரண்டு கல்லுக்கும் நடுவே கயிறு கட்டினேன். வரப்பு வளைந்திருந்தது. அண்ணன் வயலுக்குள்.

சுடலைக்குப் பெருமை. "நீங்க டவுன்ல இருக்கிய. நான்தான் ஐயா வருசா வருசம் நம்ம பக்கம் ரெண்டு விரக்கடை அகலம் கூடச் சீவுதேன். பெரியவுக கண்டுக்கிட மாட்டாவ."

முழத்தை எடுத்தது நான். கூசிப்போனேன். அண்ணனிடம் உடனே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தது, சத்தியமாக.

அவரே வந்தார், வரப்பு மேலேயே. "ஏலே, எப்ப வந்த? சாப்பிட்டியா?" சேறு வழுக்கி ஒரு கால் என் வயலுக்குள் இறங்கிற்று.

பிடரி சிலிர்த்தது. "எம் பக்கம் கால வைக்காதீய!" கத்தினது நான்தான்.

அண்ணன் கயிற்றைப் பார்த்தார். வரப்பைப் பார்த்தார். காலை எடுத்துக்கொண்டார். "மதினி உளுந்தஞ்சோறு பொங்கியிருக்கா. தின்னுட்டுப் போலே."

போகவில்லை. ரயிலில் பசி.

ஜூன் 6, வியாழன்

அண்ணனுக்குக் கடிதம். மூன்று வரி. கிழித்தேன். மறுபடி எழுதினேன். தப்பை ஒப்புக்கொண்டால் நாளைக்கு இன்னொரு முழம் கேட்பாரோ? கேட்கிற ஆள் இல்லை, தெரியும். தெரிந்தும் அனுப்பவில்லை.

பல் வலி வேறு.

ஜூன் 7, வெள்ளி

நல்ல வெயில். செண்பகம் துண்டைத் துவைக்க எடுத்துப் போனாள். கால் நாழிகைக்குள் குருவி வந்துவிட்டது.

வக்கீலே வீட்டுக்கு வந்தார். காகிதத்தை விரித்தார். "நேரில போய் அளந்தீரே, முழம் நம்மதுதானவே? சந்தேகம் ஒண்ணும் இல்லையே?"

இல்லை என்றேன். கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.