கேட்டை அடைச்ச டிராக்டர்

என்னங்க,

உங்க பழைய பெட்ரோல் டிராக்டர் ஸ்டார்ட் ஆகாம கேட்டை அடைச்சுக்கிட்டு நிக்குது. சுவரேறிக் குதிச்சு வேலைக்குப் போறேன். சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்.

நீங்க விரட்டிவிட்ட மெக்கானிக்குக்கு நானே போன் பண்ணேன். முறைக்காதீங்க. பிளக்குகளுக்குக் கரண்ட் பிரிச்சுக் குடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரை நீங்க கழட்டித் திரும்ப மாட்டினப்ப டைமிங் தப்பிடுச்சாம். எஞ்சின் சக்கரத்துல இருக்கிற குறி நேரா வந்தா மட்டும் போதாதாம், அது ரெண்டு தடவை வருமாம். முதல் பிளக்கைக் கழட்டிட்டு, ஓட்டையைக் கட்டைவிரலால மூடி, எஞ்சினைக் கையால சுத்துங்க. காத்து விரலைத் தள்ளுற தடவை குறி நேரா வர்றப்ப மாட்டினாதான் சரியாம். சாவியை முதல்ல எடுத்துடுங்க, விரல் பத்திரம்.

பி.கு: அம்மா வீட்டுக்குப் போறேன்னு நேத்து சொன்னது விளையாட்டுக்கு இல்ல. பெட்டியோட சுவரேற முடியல, அவ்வளவுதான். ஸ்டார்ட் ஆனதும் வண்டியை நகர்த்திடுங்க. வழி இருந்தும் நான் போகலைன்னா, அப்ப பேசலாம்.