புலி பார்க்கப் போவதற்கு முன்

யேசு மரி சூசை

பள்ளிமுனை,
மன்னார்.
11.9.1968

அன்பு மகன் வின்சன்ட்டுக்கு அம்மா எழுதுவது. மடு மாதாவின் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், கொழும்பில் நீயும் அன்ரோனெற்றும் பிள்ளையும் சுகமாயிருக்க ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்லுகிறேன். சுகம் என்று எழுதினேனே தவிர உன்னுடைய கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குத் தலையிடி. வருகிற அமாவாசைப் போயாவுக்கு இரண்டு பக்கத்து அப்பா அம்மாவும் வாருங்கள், எல்லோருமாய்த் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்குப் போய் ஒரு நாள் சந்தோசமாய் இருப்போம், மிருகங்களைப் பார்த்துக்கொண்டு நடந்தால் பெரியவர்களின் மனமும் இளகிவிடும் என்று எழுதியிருக்கிறாய். மகன், நீ படித்தவன், கந்தோரில் பேனை பிடிக்கிறவன், இவ்வளவுதானா உன் புத்தி. புலியைப் பார்த்தால் உன்னைப் பெற்ற கொப்பருக்கு மனம் இளகும் என்று உனக்கு யார் சொன்னது. பிள்ளைக்கு எட்டு மாதம் முடிகிறது, இன்னும் தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் விழவில்லை, நீ அவனுக்கு யானை காட்டப் போகிறாய்.

சரி, கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். முதலில் நாள். அமாவாசை இருட்டில்தான் வலையில் மீன் விழும் என்பது உனக்கு மறந்துபோனதா, கடற்கரையில் பிறந்த பிள்ளைதானே நீ. அந்தக் கிழமை கொப்பரைக் கரையில் பிடித்து வைக்க என்னால் முடியாது, பேசாலையில் உன் மாமனாரையும் முடியாது. ஞாயிற்றுக்கிழமையைக் கந்தோர் நாளாக்கிப் போயாவை லீவு நாளாக்கினாலும் ஆக்கினார்கள், குடும்பமாய் ஒரு இடம் போகச் சந்திரனைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால் அதற்கு அடுத்த பூரணைப் போயாவை வைத்துக்கொள். நிலவு காலத்தில் வலை எப்படியும் வாடிக் கொட்டிலில்தான் கிடக்கும், தொழில் கெட்டது என்று இரண்டு பேரும் சாட்டுச் சொல்ல இடமில்லை.

நாளைச் சரி பண்ணிக்கொண்டு கொப்பரிடம் கதையை எடுத்தால் அவர் வலைக்கு நூல் கோத்தபடி தலையை நிமிர்த்தாமலே, "மிருகம் பாக்க வேணுமெண்டால் பஸ் ஸ்ராண்டடியிலை கழுதை நிக்குது, போய்ப் பாருங்கோ, அதுக்கு ரெயில் ஏறவோ" என்றார். பேரப்பிள்ளையைப் பார்க்கத்தான் போகிறோம் என்றேன். அதற்கு நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, அந்தப் பேசாலையான் வருகிற ரெயிலில் தான் வரமாட்டேன் என்றார். கொழும்புக் கோட்டைக்குப் போகிற இராத்திரி ரெயில் பேசாலையில் நின்றுதான் மன்னாருக்கு வரும். நாங்கள் ஏறுகிற நேரம் சம்பந்தி பஸ்ரியன் ஏற்கெனவே யன்னல் கரையில் வசதியாய் இருப்பாராம், தான் மூட்டை முடிச்சோடு அவருக்கு முன்னால் நின்றுகொண்டு போவதாம். அங்கே அவர் என்ன சொல்லியிருக்கிறார் தெரியுமா. மீன் ஏற்ற வருகிற சாஹுல் ஹமீட் நானாவிடம் சொல்லியனுப்பினார், "பள்ளிமுனையார் முதல்லை ரெயில் ஏறினது தெரிஞ்சால்தான் நான் ஏறுவன்" என்று. பேசாலை முன்னுக்கு இருக்கிற ஸ்ரேசன், அவர் எப்படி எங்களுக்குப் பிறகு ஏறுவார். ரெயிலைத் திருப்பி ஓட்டச் சொல்லியா கேட்கிறார். சொன்ன சாஹுல் ஹமீட்டுக்கே சிரிப்பு, எனக்குத்தான் அழுகை வந்தது. கடைசியில் அவர்கள் பின்பெட்டி, நாங்கள் முன்பெட்டி என்று முடிவாகியிருக்கிறது. சாப்பாடும் அப்படித்தான், நான் புட்டும் கணவாய்ப் பொரியலும் கட்டிக்கொண்டு வருவேன், அவர்கள் தங்கள் சோற்றுப் பார்சலோடு வருவார்கள், ஒருவர் கையால் மற்றவர் பச்சைத்தண்ணீரும் குடிக்கமாட்டார். நீயும் அன்ரோனெற்றும் எந்தப் பார்சலில் சாப்பிடுவது என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் எதற்காக. ஞானஸ்நானத்தில் பிள்ளையைக் கையில் பிடித்து ஞானத்தகப்பனாய் யார் நிற்பது என்பதற்காக. தலைப்பிள்ளைக்குத் தகப்பன் பக்கத்து ஆள்தான் நிற்க வேண்டும் என்று கொப்பர் தன் தம்பி அருளப்புவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். தாய் பக்கத்து ஆள்தான் நிற்க வேண்டும் என்று சம்பந்தி தன் மச்சானுக்கு, அதுவும் திருநாளன்று நாலு பேருக்கு முன்னால், வாக்குக் கொடுத்துவிட்டார். இரண்டு பேரும் கொடுத்த வாக்கை விழுங்கமாட்டார்களாம். நிற்கச் சொன்ன அருளப்புவே "எனக்கு இது வேண்டாம் அண்ணி, அண்ணனிட்டைச் சொல்லுங்கோ" என்று படலையடியில் வந்து நின்று கெஞ்சிவிட்டுப் போகிறான், அவனுக்கு இருக்கிற யோசனை கொப்பருக்கு இல்லை. நீயோ இரண்டு பேருக்கும் நல்ல பிள்ளையாய் இருக்கப் பார்க்கிறாய், பொறுப்போம் பொறுப்போம் என்று எழுதி எழுதி எட்டு மாதம் போய்விட்டது. பதிவுக் காகிதத்தில் நீ எதை எழுதினாலும் கோவிலில் சுவாமி தண்ணீர் ஊற்றிக் கூப்பிடாத பெயர் எனக்குப் பெயரில்லை. நாங்கள் சின்னவன் என்கிறோம், பேசாலையில் ராசா என்கிறார்களாம், பூசையில் அவனுக்காகச் செபிக்கும்போது யாருக்கென்று சொல்லுவது என்று தெரியாமல் வின்சன்ட்டின் பிள்ளை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் பிள்ளைக்குச் சுவாசம் முட்டி ஆஸ்பத்திரியில் வைத்திருந்ததை நீ அவனை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகுதான் எழுதினாய். நான் பயப்படுவேன் என்று எழுதாமல் விட்டாயாம். அதை வாசித்த நான் அடுப்படியில் அப்படியே இருந்துவிட்டேன், கறி அடிப்பிடித்த மணத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரிதான் ஓடி வந்தா. அந்த இரண்டு நாளில் பிள்ளைக்கு ஏதும் நடந்திருந்தால், மகன், ஆண்டவர் இரக்கமுள்ளவர் என்று எனக்குத் தெரியும், ஆனால் நான் எந்த முகத்தோடு கோவிலுக்குப் போவேன். கொப்பருக்கு அந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. விடிந்த பிறகு கேட்டால் அருளப்புவுக்குக் கொடுத்த வாக்கு என்று பழையபடி தொடங்குகிறார். இப்படியான மனிசரை நான் என்ன செய்ய.

ஆகவே இனி நான் சொல்லுகிறதைக் கேள். போன கிழமை மன்னார் ஆஸ்பத்திரியில் மருந்துக்கு நிற்கும்போது சம்பந்தியம்மா அருள்நாயகியும் நின்றா. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காணாததுபோல் கொஞ்ச நேரம் நின்றோம், பிறகு அவதான் "பிள்ளைக்கு இப்ப எப்பிடியாம்" என்று கேட்டு அழுதுவிட்டா. அப்படியே இரண்டு பேரும் நடந்து சுவாமியைப் போய்க் கண்டோம். ஞானஸ்நானத்துக்கு ஒரு ஆள் நின்றாலே போதும், பிள்ளையைப் பெற்ற தாய் தகப்பன்தான் நிற்கக் கூடாது, பாட்டன் பாட்டி நிற்கத் தடையில்லை என்று சுவாமி சொன்னார். உங்கள் வெள்ளவத்தைக் கோவில் சுவாமிக்குத் தானே எழுதுவதாகவும் சொன்னார். பூரணையன்று காலையில் கோட்டையில் இறங்கி, உன் வீட்டில் முகம் கழுவி, வெளிக்கிட்ட பயணம் நல்லபடி முடியக் கோவிலில் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டுப் போவோம் என்று நானும் அவவும் சொல்லுவோம். கோவில் என்றால் இரண்டு பேரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். உள்ளே சுவாமி ஆயத்தமாய் நிற்பார். அருளப்புவும் இல்லை, அந்த மச்சானும் இல்லை. கோபித்துக்கொண்டு வெளியே போகிற கிழவன் போகட்டும், நிற்கிற கிழவன் பிள்ளையைப் பிடிக்கட்டும், அவர்தான் ஞானத்தகப்பன். மற்றவரை உள்ளே விட்டுவிட்டுத் தான் வெளியே போகிற ஆட்கள் இல்லை இவர்கள், இரண்டு பேரும் நின்றால் யார் கையில் கொடுப்பது என்பதைச் சுவாமி பார்த்துக்கொள்வார். இரண்டு பேரும் போய்விட்டால் நான் பிடிக்கிறேன். என்ன பெயர் என்று நீயும் அன்ரோனெற்றும் முதல் நாளே பேசி வையுங்கள், எங்கள் நாலு பேரில் ஒருவரிடமும் கேட்க வேண்டாம். அதற்குப் பிறகு புலியோ யானையோ எதையும் காட்டு, நான் நடக்கிறேன்.

பிள்ளைக்கு வெள்ளைச் சட்டையும் தொப்பியும் போட்டுவிடு, கேட்டால் படம் எடுக்க என்று சொல். மழை தொடங்குகிற காலம், குடை எடு, குளிரில் நெஞ்சு திறந்தபடி கொண்டு திரிய வேண்டாம். அன்ரோனெற்றுக்கு என் அன்பைச் சொல், அவள் தாய் என்னோடு கதைக்கிறா என்பதை அவளுக்கு மட்டும் சொல். அந்தோனியார் உங்களுக்குக் காவலாய் இருக்கட்டும், மூன்று பேரின் நெற்றியிலும் இங்கிருந்தே சிலுவை போடுகிறேன். இந்த முறை பொறுப்போம் என்று மட்டும் பதில் எழுதாதே.

உன் அம்மா
மாக்கிறட்