எல்லார் கணக்கிலும் மருமகள் பெயர்

ஆண்ட்ரோஸ் தீவு, கிரீஸ்,
மார்ச் 6

அன்புள்ள ஸ்டாமாட்டிக்கு,

நீயும் உன் எஞ்சின் அறையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே உன் அம்மா சுகம். முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் மாடிப்படி ஏறி எதிர்வீட்டுக் கொடியில் யார் சட்டை காய்கிறது என்று பார்த்துவிட்டு வரும் அளவுக்குச் சுகம். வெந்நீர்த் தொட்டி மறுபடி ஒழுகுகிறது. சமையலறைக் கூரையை நீ வந்து பார்க்கும்வரை தொடக்கூடாது என்று அவள் உத்தரவு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஃபோனில் சொன்னால் பாதியில் அறுந்துவிடும், நீ நடுக்கடலில் மீதியைக் கற்பனை செய்துகொண்டு அல்லாடுவாய். அதனால்தான் உன் கப்பல் கம்பெனி அலுவலகம் வழியாக இந்தக் கடிதம். உட்கார்ந்து படி.

பெண்கள் கூட்டுறவில் இனிப்புச் செய்யச் சர்க்கரை வாங்கப் பணம் எடுக்க வங்கிக்குப் போனேன். கவுன்ட்டர் பெண் என்னை ஏதோ திருடியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "உங்க கார்டுல பொறந்த ஊர் ஓஹயோன்னு இருக்கே, நீங்க அமெரிக்காக்காரியா?" என்று கேட்டாள். இருபது வருஷத்துக்கு மேல் இங்கேதான் இருக்கிறேன், உங்கள் அம்மாவுக்கே இனிப்புச் செய்யக் கற்றுக்கொடுத்தேன் என்றேன். "அதைக் கேக்கலீங்க. பொறந்தது எங்க?" என்றாள். ஆமாம், நான் அமெரிக்கப் பிரஜைதான் என்று எழுதியிருந்த ஒரு காகிதத்தை நீட்டினாள். கையெழுத்துப் போட்டால்தான் பணம் என்றாள். போட்டேன். நகலைக் கையில் கொடுத்து, ஏதென்ஸில் இதற்கென்றே ஒரு கணக்காளர் இருக்கிறார், உடனே பேசுங்கள் என்றாள்.

பேசினேன். வெலிசாரிஸ் என்று பெயர், தூங்கி எழுந்தவர் போன்ற குரல். "கடைசியா அமெரிக்காவுக்கு எப்பக் கணக்குக் காட்டினீங்க?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இங்கே ஒரு சென்ட் விடாமல் வரி கட்டுகிறேன், அந்த நாட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தே பல வருஷம் ஆகிறது என்றேன். "குடிச்சீங்களான்னு அவங்க கேக்கறதில்லம்மா. பிரஜையா இருக்கீங்களான்னுதான் கேக்கறாங்க. எந்த நாட்டுல இருந்தாலும் வருஷா வருஷம் சொல்லியாகணும்" என்றார். இங்கே கட்டியதைக் கழித்தால் அங்கே கட்ட ஒன்றும் இருக்காது, ஆனால் சொல்லாமல் இருந்ததே குற்றமாம். நம் கல்யாணத்திலிருந்து இன்றுவரை நான் குற்றவாளியாகத்தான் ரொட்டி சுட்டிருக்கிறேன்.

அது போகட்டும். அடுத்து அவர் கேட்டதுதான் பெரிய இடி. என் கையெழுத்து எந்தெந்த வங்கிக் கணக்கில் செல்லும் என்று கேட்டார், அது யார் பணமாக இருந்தாலும் சரி. விரல் விட்டு எண்ணினேன். நம் இருவர் கணக்கு. உன் அம்மா ஈமச்செலவுக்குச் சேர்த்து வைத்திருப்பது. பெண்கள் கூட்டுறவு. கோயில் திருவிழாப் பணம். கூட்டுறவில் இருக்கும் ஃப்ளோரா, தான் கண்மூடினால் தன் இரண்டு பையன்களும் அடித்துக்கொள்வார்கள், நான் நியாயமாகப் பிரித்துக் கொடுப்பேன் என்று என் பெயரைச் சேர்த்தாளே, அது. கணக்காளர் மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, நீங்க என்ன ஊருக்கே பேங்கா?"

எல்லாவற்றையும் அமெரிக்காவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமாம், ஸ்டாமாட்டி. இந்த ஊரின் இடுப்புச் சுருக்குப்பை முழுவதையும் நான் அவிழ்த்துக் காட்ட வேண்டும்.

வீட்டுக்கு வந்து அந்த நகலை மேஜைமேல் போட்டேன். உன் அம்மா என்ன அது என்றாள். விளக்கத் தெம்பில்லாமல், அமெரிக்காவுக்காக ஒரு காகிதம், அத்தை என்று மட்டும் சொன்னேன். சிலுவைக் குறி போட்டுக்கொண்டு எழுந்து போனாள். ஊற்றிய காப்பியை அப்படியே விட்டுவிட்டாள். நீ ஃபோன் செய்தால் அவளிடம் எதையும் உளறாதே.

உன்,
ரோண்டா


மார்ச் 29

அன்புள்ள ஸ்டாமாட்டிக்கு,

உன் குறுஞ்செய்தி கிடைத்தது. "கவலைப்படாதே" என்று இரண்டு வார்த்தை. அதை அனுப்ப ஒரு துறைமுகம் வரை போனாயே, நன்றி.

நேற்று கூட்டுறவுச் சமையலறையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். பருவத்தின் கடைசி கசப்பு ஆரஞ்சு. எல்லார் மடியிலும் தட்டு, பாகில் போட்டு இனிப்பாக்கத் தோலைச் சுருட்டிச் சுருட்டி ஊசியால் நூலில் கோர்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லி முடித்ததும் ஒரு ஊசிகூட அசையவில்லை. அடுப்பில் பாகு பொங்கி வழிந்தது, யாரும் எழவில்லை. அந்தச் சமையலறையில் பாகு வழிந்து நான் பார்த்ததே இல்லை.

தலைவி கலிரோயிதான் முதலில் வாயைத் திறந்தாள். "பணத்தை எடுத்துக்குவானா?" என்றாள். எடுக்க மாட்டான், பார்ப்பான் என்றேன். "பாக்கட்டுமே. நாம பாகு கிண்டறதையும் சேத்துப் பாக்கட்டும், கை வலிக்கறது அவனுக்கும் தெரியட்டும்." ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். ஃப்ளோரா சிரிக்கவில்லை. "எங்கிட்ட எவ்ளோ இருக்குன்னு நான் பெத்ததுங்களுக்கே தெரியாது. கடல் தாண்டி இருக்கற எவனோ ஒருத்தனுக்குத் தெரியணுமா?" என்றாள். அப்புறம் என்னை நேராகப் பார்த்தாள். "இந்த ஊர்ல உனக்குப் பங்காளி இல்ல, ஒண்ணுவிட்ட தம்பி இல்ல, யாருக்கும் சாய மாட்டேன்னுதானே உங்கிட்ட கூட்டுறவுப் பணப்பெட்டிச் சாவியைக் குடுத்தோம். இப்பப் பாத்தா எங்க எல்லாரையும்விடப் பெரிய சொந்தக்காரனை வெச்சுக்கிட்டு இருந்திருக்க."

எனக்கே தெரியாது ஃப்ளோரா என்றேன். "அது வேற" என்றாள். கோபம் இல்லை அவள் குரலில். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

கலிரோயி சமாதானமாகத்தான் கேட்டாள். மருமகள் என்றும் நம் ஊர் மருமகள்தான், ஆனால் கணக்குகளிலிருந்து பெயரை எடுத்துவிடலாமா, சம்மதிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றாள். ஜன்னலோரம் ஒரு கை சட்டென்று எழுந்தது. ஊசி விரலில், ஆரஞ்சுத் தோல் கோர்த்த நூல் கையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. உன் அம்மா, ஸ்டாமாட்டி. முதல் கை உன் அம்மாவுடையது. மற்றவர்கள் அவளைப் பார்த்த பிறகுதான் தூக்கினார்கள்.

என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. நமக்குப் பிள்ளை இல்லை. நீ வருஷத்தில் முக்கால்வாசி கடலில். இந்த வீட்டில் இத்தனை வருஷமும் நானும் அவளும்தான் ஒரே தட்டில் ஆலிவ் தொட்டுச் சாப்பிட்டோம். வீட்டுக்கு வந்து ஏன் அத்தை என்று கேட்டேன். "தூக்கணும்னு தோணிச்சு" என்று சொல்லிவிட்டு ஆட்டுக்குத் தழை போடப் போனாள். இன்று காலை என்னிடம் சொல்லாமல் பஸ் ஏறி வங்கிக்குப் போய், அவள் கணக்கிலிருந்தும் என் பெயரை எடுத்துவிட்டு வந்தாள். ஈமச்செலவுக் கணக்கு. தன் சவப்பெட்டிக்குக்கூட என் கையெழுத்து வேண்டாமாம்.

வெலிசாரிஸ் இன்னொரு வழி சொன்னார். பழைய வருஷங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டு, ஏதென்ஸில் இருக்கும் அமெரிக்கத் தூதரகத்துக்குப் போய்ச் சத்தியம் செய்து, குடியுரிமையையே திருப்பிக் கொடுத்துவிடலாமாம். அப்புறம் யாரும் என்னைக் கேட்க மாட்டார்கள். கூட்டுறவுச் சாவியும் திரும்பி வரும். ஆனால் அங்கே ஓஹயோவில் அப்பா தனியாக மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு இருக்கிறார். நாளைக்கு ஏதாவது என்றால், அனுமதி வாங்கி, தங்க நாள் குறித்து, விருந்தாளியாகத்தான் அவர் கட்டில் பக்கம் நான் நிற்க முடியும். இந்த வயதில் எந்த வீட்டுக்கு நான் அந்நியமாக வேண்டும், நீயே சொல்.

முடிவு எடுப்பதற்கு முன் என் அமெரிக்கப் பாஸ்போர்ட்டை ஒரு தடவை கையில் எடுத்துப் பார்க்க நினைத்தேன். அலமாரியில் இல்லை. வீட்டைத் தலைகீழாகப் புரட்டிவிட்டேன். நீ தவறுதலாக உன் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாயா? பார்த்துச் சொல்.

உன்,
ரோண்டா


ஈஸ்டர் வாரம், பெரிய வியாழக்கிழமை

அன்புள்ள ஸ்டாமாட்டிக்கு,

உன் பையில் தேட வேண்டாம். பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது.

முதலில் நல்ல செய்தி. வெலிசாரிஸ் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டார். கட்ட வேண்டியது ஒன்றும் இல்லையாம், தெரியாமல் நடந்தது என்று நானே எழுதிக் கையெழுத்திட்டதை ஏற்றுக்கொள்வார்கள் என்கிறார். பழைய வருஷங்களுக்கு ஃப்ளோராவின் கணக்கு எண்ணும் வேண்டியிருந்தது. கேட்கவே கூசியது. அவளே ஒரு நாள் வந்தாள். கதவைச் சாத்திவிட்டு, எண்ணை என் காதில் ரகசியமாகச் சொன்னாள். "எழுதிக்க. தொகையைப் பாத்துச் சிரிக்கக்கூடாது" என்றாள். போகும்போது ஒரு ஜாடி எலுமிச்சைப் பூ இனிப்பு வைத்துவிட்டுப் போனாள். சாவி மட்டும் கலிரோயியின் மச்சினியிடம் போயிற்று. அவளுக்கு ஊரில் பாதிப் பேர் சொந்தம், இப்போதே சண்டை ஆரம்பித்துவிட்டது.

இன்று ஈஸ்டருக்கு வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கடலோடிகளைக் காக்கும் புனித நிக்கோலாஸ் படத்தைத் தூசி தட்டக் கழற்றினேன். பின்னால் உன் பழைய கப்பல் வேலைப் பதிவுப் புத்தகம் இருந்தது, நீ கப்பலில் இருக்கும்வரை அதை அங்கிருந்து அசைக்க உன் அம்மா விடமாட்டாள் என்பது தெரிந்ததுதான். அதன் பக்கத்தில் அவள் கைக்குட்டையில் சுற்றி, கோயில் துளசி வைத்து, என் பாஸ்போர்ட்.

திரும்பினால் உன் அம்மா வாசலில் நிற்கிறாள்.

"இருந்த எடத்துல வை" என்றாள்.

ஏன் அத்தை ஒளித்து வைத்தீர்கள், என்னை இந்த வீட்டை விட்டு அனுப்பவா, கை தூக்கினீர்களே, பெயரை எடுத்தீர்களே என்று கத்திவிட்டேன். இத்தனை வருஷத்தில் அவளிடம் நான் கத்தியதில்லை. அவள் கட்டிலில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எங்கப்பாவைக் கப்பலுக்குக் கூப்பிட ஒரு காகிதம்தான் வந்துச்சு. என் வீட்டுக்காரருக்கும் ஒரு காகிதம்தான். பையனுக்கும் அப்படித்தான். காகிதம் வந்த வீட்டுல ஆள் தங்கி நான் பாத்ததில்ல. உனக்கும் வந்துச்சு, நீயும் கையெழுத்துப் போட்டுட்ட. நீ எங்க இருக்கேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. எல்லா எடத்துலயும் உன் பேரை எடுத்துட்டா, தேடி வர்றவன் இந்த ஊர்ல அப்படி ஒருத்தி இல்லேன்னு போயிடுவான்ல."

ஸ்டாமாட்டி, நான் மூன்று வாரமாக அவளை வெறுத்துக்கொண்டிருந்தேன். அவள் மூன்று வாரமாக என்னை ஒளித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அது வெறும் வரிக்காகிதம், யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நான் எங்கேயும் போகவில்லை என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன். தலையாட்டினாள். பாஸ்போர்ட்டை மறுபடி கைக்குட்டையில் சுற்றி, இருந்த இடத்தில் வைத்தேன். படத்தை மாட்டினேன். அவள் எழுந்து போய் முட்டைக்குச் சிவப்புச் சாயம் காய்ச்சினாள். வாய்க்குள் ஏதோ பாட்டுகூட.

ஒரு மணி நேரம் கழித்து ஓஹயோவிலிருந்து என் தங்கை கூப்பிட்டாள். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். வர முடிந்தால் சீக்கிரம் வா என்றாள், அதற்கு மேல் சொல்லவில்லை. சமையலறையில் உன் அம்மாவுக்குக் கேட்டுவிடக்கூடாதே என்று நான் சரி சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

நான் போகத்தான் வேண்டும். போகவும் போவேன். ஆனால் எங்கேயும் போகவில்லை என்று இன்று காலை அவள் கையைப் பிடித்துச் சொன்ன நானே, பாஸ்போர்ட்டை எடுக்க அந்தப் படத்துக்குப் பின்னால் கையை விட மாட்டேன். என்னால் முடியாது.

அடுத்த துறைமுகத்தில் இறங்கிவிடு. கேப்டனிடம் கெஞ்சு, சண்டை போடு, என்ன வேண்டுமானாலும் செய். உன் தாத்தா போனவர் போனவர்தான், உன் அப்பாவும் அப்படித்தான். இந்த வீட்டிலிருந்து போய்த் திரும்பி வந்தவன் நீ ஒருவன்தான். நீ வந்து உன் கையால் அதை எடுத்து, உன் அம்மா பார்க்க என்னிடம் கொடு.

கடல் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்,
ரோண்டா