உன் பக்கம் மூன்று அங்குலம்

ஆசைத் தம்பி கருணாவுக்கு,

நீ இருந்தவரை உனக்கு நான் கடிதமே எழுதியதில்லை. எதற்கு எழுத வேண்டும்? நடுச் சுவரில் இரண்டு தட்டு தட்டினால் நீ வாசலுக்கு வந்துவிடுவாய். இப்போது அந்தச் சுவரைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டியிருக்கிறது.

உன் வீடு இப்போது இல்லை, கருணா. போன வருஷம் சதீஷ் இடித்துவிட்டான். உன் பிள்ளையைக் கோபித்துக்கொள்ளாதே. கூரையில் கம்பி துருப்பிடித்து, காரை பெயர்ந்து விழ ஆரம்பித்திருந்தது. உன் மாலதி காட்டுப்பாக்கத்தில் மகனுடைய பிளாட்டிலேயே இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள். சேக்காட்டில் அப்பா நமக்குப் பிரித்துக் கொடுத்த மனையில் உன் பாதி காலியாகக் கிடக்கிறது. ஒரு பில்டர் பேசி முடித்திருக்கிறார்.

இடித்த மறுநாள் நான் சுற்றிக்கொண்டு போய் உன் பக்கம் நின்று பார்த்தேன். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக அப்பா எழுப்பிய ஒற்றைச் சுவர், அது மட்டும் தனியாக நின்றது. அதில் உன் கூடம் அப்படியே ஒட்டியிருந்தது. நீயே லீவு போட்டு அடித்த பச்சை பெயிண்ட். மாடிப்படி ஏறிப் போன தடம். சாமி அலமாரி இருந்த இடத்தில் விளக்குப் புகை படிந்த கறுப்புச் சதுரம். ஒரு வீட்டின் உட்புறம் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பதை அதுவரை நான் பார்த்ததில்லை. என்னவோ கூச்சமாக இருந்தது, சீக்கிரம் உள்ளே வந்துவிட்டேன்.

அப்புறம் வெயில் காலம் வந்தது.

உனக்குத் தெரியாத செய்தி ஒன்று சொல்ல வேண்டும். நீ போன அடுத்த வருஷம் என் வீட்டுக்காரருக்கு, உன் மாமாவுக்கு, பக்கவாதம் வந்து, வலது பக்கம் விழுந்துவிட்டது. சக்கர நாற்காலிதான். பேச்சும் ஒன்றிரண்டு வார்த்தைதான். மாடி ஏற முடியாது என்பதால் கீழே அந்தச் சுவரோரத்து அறையில் அவருக்குக் கட்டில் போட்டிருக்கிறோம்.

அந்த அறையா, நம் வீட்டிலேயே குளிர்ச்சியான அறையாயிற்றே என்பாய். ஆமாம், உன் வீடு நின்றவரை. இப்போது மத்தியானத்திலிருந்து மேற்கு வெயில் முழுதும் அந்தச் சுவரில்தான். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் அடுத்த தோசையை வேகவைக்கும் இல்லையா? செங்கல் சுவரும் அப்படித்தான். பகலெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, நாம் படுக்கப் போகும் நேரத்தில் உள்ளே கொடுக்கும். ஏசி போட்டால் தலைக்குக் குளிர், முதுகுக்கு அனல். விளக்கு வைக்கிற நேரத்தில் மாமா இடது கையை நீட்டிச் சுவரைத் தொட்டுப் பார்ப்பார். "சூடு," என்பார். தினமும் அதே ஒரு வார்த்தை.

நான் எத்தனை வருஷம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன், நினைவிருக்கிறதா? எங்கள் வீடு தானாகவே குளுகுளுவென்று இருக்கும், அப்பா கட்டிய கெட்டிச் சுவர் அப்படி என்று பள்ளிக்கூடத்தில் சக ஆசிரியைகளிடமெல்லாம் சொல்வேன். வெப்பம் எப்படிக் கடத்தப்படுகிறது என்று வகுப்பெடுத்தவள் நான். என் சுவரைக் குளிர வைத்தது உன் வீடு என்று எனக்குத் தோன்றவே இல்லை. காலை பிரேயரில் வெயில் பக்கம் ஓர் உயரமான பிள்ளை நிற்பான். அவன் நிழலில் நிற்கிற சின்னவன், இன்றைக்கு வெயிலே இல்லை என்று நினைத்துக்கொள்வான். நான் அந்தச் சின்னவன்.

"அக்கா, எங்க மேற்கு ரூம்ல அப்பளம் காயப் போடலாம்," என்று நீ சிரித்துக்கொண்டே சொல்வாய். நானும் சிரிப்பேன். நீ விளையாட்டாகத்தான் சொன்னாயா?

காயத்ரி மாங்காட்டுக்கே வந்துவிடச் சொன்னாள். பழைய வீட்டுச் சுவருக்குப் போய்ச் செலவழிப்பார்களா, என் பிளாட்டில் லிப்ட் இருக்கிறது, காற்று வருகிறது என்று தினமும் போன். என் மகள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவள் சொல்லச் சொல்ல மாமா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், முடியாதென்று. இந்த வீட்டில் எந்தக் கதவுப் பிடி எந்த உயரத்தில், எந்த ஸ்விட்ச் எங்கே என்று அவருடைய இடது கை இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறது. வேறு வீடு என்றால் அந்தக் கைக்கு மறுபடி முதல் பாடத்திலிருந்து. அந்தச் சுவரை ஏதாவது செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவரைக் கிளப்பிக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

முதலில் உள்பக்கம் செய்து பார்த்தோம். ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர் ஒருவர் வந்து சுவர் முழுக்கத் தெர்மாகோல் வைத்து, மேலே பலகை அடித்தார். "இத்த அட்ச்சிட்டா ஏசியே வாணாம் டீச்சரம்மா, ஊடே ஊட்டி மாரி ஆயிடும்," என்றார். சில வாரம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் மழை வந்தது. உன் கூடத்துப் பூச்சு மழையைக் கண்டதா என்ன? வெளியே தண்ணீரைக் குடித்த சுவர் உள்ளே கசிந்து, பலகை உப்பி, அறை முழுக்கப் பூஞ்சை வாடை. ஈரச் சட்டைமேல் ஸ்வெட்டர் போட்டுவிட்ட மாதிரி. போதாததற்குப் பலகை பிடித்துக்கொண்ட இடத்தால் சக்கர நாற்காலி திரும்பாமல் கட்டில் காலில் இடித்தது. எல்லாவற்றையும் பிரித்துப் போட்டோம்.

மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, செய்வதென்றால் வெளிப்பக்கம்தான் செய்ய வேண்டும் என்றார். பழைய பெயிண்டைக் கொத்திவிட்டு, கெட்டியான தெர்மாகோல் பலகையை ஒட்டி, வலை விரித்து, மேலே தண்ணீர் இறங்காத பூச்சு. மொத்தத்தில் மூன்று அங்குலம் உன் பக்கம் வரும். ஆனால் அவருக்கே அரை மனசுதான். "பக்கத்துல அபார்ட்மென்ட் வந்துட்டா நெழல் தானா வந்துடும், இப்ப இன்னாத்துக்கு இது," என்று கேட்டார். காயத்ரியும் அதையேதான் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நிழல் எந்த வருஷம் வரும், அதுவரை இந்த மனுஷன் எங்கே படுப்பார்?

சதீஷிடம் போனில் கேட்டேன். மனையை அளந்தாகிவிட்டது அத்தை, மூன்று அங்குலம் என்றாலும் பில்டர் கேட்பார், பார்க்கலாம் என்றான். அப்புறம் நான் கூப்பிட்டபோதெல்லாம் மீட்டிங்கில் இருந்தான். எனக்கு மனசு விட்டுப்போயிற்று, கருணா. மூன்று அங்குலத்துக்கா என்று உன் மாமாவிடம் புலம்பினேன்.

ஒரு சாயங்காலம் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனபோது உன் மனையில் ஒரு கார் நிற்பதைப் பார்த்தேன். சதீஷ் உள்ளே உட்கார்ந்து அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாரத்துக்கு ஒரு தரம் வந்து இப்படி நிற்பான் என்று எதிர் வீட்டில் அப்புறம் சொன்னார்கள். இறங்கிப் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். காரைவிட்டு வெளியே வந்தான்.

"மூணு அங்குலம் இல்ல அத்தை விஷயம்," என்றான்.

"பின்ன என்னடா?"

"இதைக் கொத்திடுவாங்களா?"

கொத்தாமல் பலகை நிற்காது என்றேன்.

"இடிக்கிற அன்னிக்கு நான் நின்னு பார்க்க வேணாம்னு அம்மா சொல்லிட்டாங்க. ஆபீஸ் போயிட்டேன். சாயங்காலம் வந்தா இது மட்டும் நின்னுது. அம்மா ஆஸ்பத்திரி பச்சைன்னு திட்டிக்கிட்டே இருப்பாங்களே, அப்பா அடிச்சது."

சுவருக்கு அந்தப் பக்கம் உன் பிள்ளைக்கு மிச்சமிருக்கிற அப்பா. இந்தப் பக்கம் வேகிற என் வீட்டுக்காரர். இதில் எதைப் பெரிதென்று நான் சொல்வது? உள்ளே வந்து மாமாவைப் பார்த்துவிட்டுப் போ என்று மட்டும் கூப்பிட்டேன்.

மாமா அவனைப் பார்த்ததும் இடது கையால் அவன் கையைப் பிடித்தார். நலம் விசாரிக்கிறார் என்று நினைத்தேன். அவர் அந்தக் கையை மெல்ல இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் வைத்தார். "சூடு," என்றார். உன் பிள்ளை கையை எடுக்கவில்லை. நான் கொண்டுவந்த காபி ஆறும்வரை அப்படியே வைத்திருந்தான்.

மறுநாள் காலையில் அவனே போன் செய்தான். "மூணு அங்குலம் விட்டு அளந்துக்கச் சொல்லிட்டேன் பில்டர்கிட்ட. நீங்க வேலையை ஆரம்பிங்க அத்தை. நான் மட்டும் அன்னிக்கு வரல."

கொத்தும்போது நான் கூடவே நின்றேன். வீட்டு ஆள் ஒருவராவது நிற்க வேண்டாமா? சாமி அலமாரிச் சதுரம் வந்தபோது, இங்கே கொஞ்சம் மெதுவாகக் கொத்துங்கள் என்றேன். மேஸ்திரி ஒரு மாதிரி பார்த்தார். மெதுவாகக் கொத்தினாலும் போவது போவதுதானே. பச்சைப் பொடி என் புடவையெல்லாம். பெயர்ந்த பூச்சில் ஒரு துண்டை எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று குனிந்தேன். எடுக்கவில்லை.

இதெல்லாம் செய்தது லாபமா என்று காயத்ரி கேட்கிறாள். உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன். முதல் வகுப்பு இல்லை, வெறும் பாஸ் மார்க். மொட்டை மாடி இன்னும் காய்கிறது, ஜன்னல் வழியும் அனல் வரத்தான் செய்கிறது. மத்தியானத்தில் ஏசி இல்லாமல் முடியவில்லை. ஆனால் சுவர் குளிர்ந்துவிட்டது. சாயங்காலத்துக்கு மேல் பேன் காற்றே போதும். உன் மாமா இப்போது சுவரைத் தொட்டுப் பார்ப்பதில்லை. படுத்ததும் தூங்கிவிடுகிறார். நானும் மாங்காட்டுப் பேச்சை எடுப்பதில்லை.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. பலகையும் பூச்சுமாக இத்தனை பாடுபட்டும், உன் வீடு நின்றபோது இருந்த குளிர்ச்சி வரவில்லையே. அந்த நாளெல்லாம் உன் மேற்குச் சுவருக்கு இப்படி ஒன்றை யாரும் செய்யவில்லை. உனக்கும் மாலதிக்கும் அங்கே எத்தனை வெயில் காலம் போயிற்று! இங்கே நிழல் இருக்கிறது, வந்து படு என்று ஒரு மத்தியானமாவது உன்னைக் கூப்பிட்டேனா?

வேலை முடிந்தபிறகும் சதீஷ் வந்தான். காரை விட்டு இறங்காமல் அந்த வெள்ளைச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டான். இனிமேல் அப்படிப் போக விடமாட்டேன், கருணா. மனை கைமாறுவதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, சேக்காடு வந்தால் அவன் என் வீட்டுக்குள் வர வேண்டும். மாமா பக்கத்தில், அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். உன் கூடத்துக்கு அதைவிடக் கிட்டத்தில் ஓர் இடம் அவனுக்கு என்னால் தர முடியாது.

சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
உன் அக்கா